பெயர் எழுதாத கேக்

கேக் என்ற பேச்சை எடுத்தாலே ஓஸெல்லா பிக்கன்ஸ் நான்கு வருஷமாக எழுந்து போய்விடுவாள். காரணம் இல்லாமல் இல்லை. போன தேர்தலில் அவள் தம்பி லெமுவல், இங்கே ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற மாநில கவர்னர் பதவிக்கு நின்றபோது, மூன்றடுக்கு கேக் செய்யச் சொல்லி, அதன் மேல் நீல ஐசிங்கில் 'கவர்னர் பிக்கன்ஸ்' என்று எழுத வைத்தவள் அவள்தான். இந்த மாநிலம் பிறந்த நாளிலிருந்து கவர்னர் நாற்காலியில் ஒரு கறுப்பர் உட்கார்ந்ததில்லை. தூசி தட்டுவதற்கு மட்டும் பக்கத்தில் விட்டிருக்கிறார்கள். அந்த முறை லெமுவல் உட்கார்ந்தே விடுவான் என்று கருத்துக் கணிப்புக்காரர்கள் சத்தியம் பண்ணாத குறைதான். கறுப்பர் ஓட்டு அப்படியே விழும், அதோடு நூறு வெள்ளைக்காரரில் இருபத்தெட்டு பேர் போட்டால் போதும், முப்பத்துமூன்று பேர் போடுகிறேன் என்கிறார்கள் என்றார்கள்.

சொன்னது முப்பத்துமூன்று. விழுந்தது பத்தொன்பது. மிச்சப் பதினாலு பேர் எங்கே போனார்கள் என்று கேட்டால், எங்கும் போகவில்லை, ஓட்டுப் போடும் திரைக்கு உள்ளே போனார்கள், அவ்வளவுதான். வெளியே கேட்கிறவனிடம் நல்ல மனுஷனாகப் பேசுகிற வாய் வேறு, உள்ளே ஓட்டு இயந்திரத்தின் பிடியை இழுக்கிற கை வேறு.

மூன்றடுக்கு கேக்கைக் குப்பையில் போட முடியுமா? தேவாலயக் கூடத்தில் வைத்து ஒரு வாரம் தின்றார்கள். 'பிக்கன்ஸ்' முதல் நாளே தீர்ந்துவிட்டது. 'கவர்னர்' இருந்த பக்கத்தில் கத்தி வைக்க யாருக்கும் மனசு வரவில்லை. கடைசியில் ஓஸெல்லாவே வெட்டி, காய்ந்துபோன அந்த நீல எழுத்தைக் காப்பியில் முக்கி முக்கி விழுங்கினாள்.

கேக்காவது ஒரு வாரத்தில் தீர்ந்தது. லெமுவல் தீரவில்லை. சின்னப் பையனாக இருந்தபோது வீட்டில் வைத்த பெயர் பீவீ, பொடியன் என்று அர்த்தம். இப்போது ஆறடி இரண்டங்குலம், ஊருக்கு இன்னும் பீவீதான். அவனுக்குத் தொழில் சவ அடக்கம். டெல்டா என்று நாங்கள் சொல்கிற இந்த ஆற்றுச் சமவெளியில் நம் கறுப்பு ஜனத்தில் யார் கண்ணை மூடினாலும், தலை வாரி, டை கட்டி, சிரித்த முகமாக அனுப்பி வைப்பது பிக்கன்ஸ் நிலையம்தான். தோற்றபின் ஆறு மாசம் அவன் பிணம் கழுவும் அறையை விட்டு வெளியே வரவில்லை. சாப்பாட்டைக்கூட அங்கேயே கொண்டு வரச் சொன்னான்.

"செத்தவங்கதான்க்கா நல்லவங்க," என்றான். "மூஞ்சிக்கு நேரா ஒண்ணு, முதுகுக்குப் பின்னால ஒண்ணுன்னு பேச மாட்டாங்க."

தாய் போனபின் ஏழு வயசிலிருந்து அவனைத் தூக்கி வளர்த்தவள் ஓஸெல்லா. கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை. பீவீ இன்னொரு தடவை இப்படி உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான் என்று அவளுக்கு அன்றைக்கே தெரிந்தது.

அந்தப் பாவி மறுபடியும் நின்றான். மறுபடியும் கருத்துக் கணிப்பு வந்தது. இந்த முறை முப்பத்தைந்து.

"அடப் போங்கடா!" என்றாள் ஓஸெல்லா. "வடக்கேருந்து வந்த படிச்ச புள்ளை போன்ல கேட்டா, எந்த மகராசி 'கறுப்பனுக்குப் போட மாட்டேன்'னு சொல்லுவா? கேக்குற மாதிரி கேட்டாத்தான் உண்மை வரும்."

கேட்கிற மாதிரி கேட்க அவளை விட்டால் ஆள் ஏது? இருபத்திரண்டு வருஷம் டெலிபோன் கம்பெனியில் வெளியூர் லைன் போட்டவள். அவளை வேலைக்கு எடுத்த அன்றே மேற்பார்வைக்காரி சொல்லிவிட்டாள்: உன் முகம் எப்படி இருந்தால் என்ன, வாடிக்கையாளர் காதுக்கு நீ வெள்ளையாக இருக்க வேண்டும். ஓஸெல்லா மூன்று மாசம் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பழகி, கரோல் என்று ஒருத்தியை உண்டாக்கினாள். கரோலின் பேச்சில் ஒவ்வொரு சொல்லும் இஸ்திரி போட்டு மடித்து வைத்ததுபோல இருக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் கரோலும் ஓய்வு பெற்றாள். இப்போது மறுபடி வேலை வந்தது.

செப்டம்பர் மாசத்தில் டெலிபோன் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். எந்தத் தெரு யாருடைய தெரு என்பது இங்கே பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். வெள்ளைக்காரத் தெருக்களாகப் பார்த்து நூறு வீட்டைக் குறித்தாள். எந்த நேரத்தில் கூப்பிடுவது என்பதிலும் அவளுக்குத் தொழில் ஞானம் இருந்தது. காலை பத்திலிருந்து மத்தியானம் இரண்டு வரைதான் அந்தத் தெருக்களின் லைன் சூடாக இருக்கும். சிகாகோ போடுங்கள், டெட்ராய்ட் போடுங்கள் என்று மூச்சு விட விடமாட்டார்கள். டெல்டாவின் வெள்ளைக்காரம்மாக்களுக்குச் சிகாகோவில் இவ்வளவு சொந்தமா என்று அந்தக் காலத்திலேயே ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. கெட்டிக்காரிகளுக்கு அதுதான் சாபம்.

"வணக்கம். நான் கரோல் பேசுகிறேன். எந்தக் கட்சியையும் சேராத ஒரு சிறிய கணக்கெடுப்பு. இரண்டு நிமிடம் ஒதுக்க முடியுமா?"

ஒதுக்கினார்கள். கரோலிடம் மனசைத் திறந்தார்கள். "அந்த பிக்கன்ஸ் நல்லவர்தான், ஆனாலும் பாருங்கள், எதற்கும் ஒரு முறை இருக்கிறது இல்லையா," என்றார்கள். "எங்கள் வீட்டில் எல்லோரும் ஹார்க்ரோவ் பக்கம்தான்," என்றார்கள். ஹார்க்ரோவ் என்பவர் எதிரே நின்ற வெள்ளைக்காரர். ஓஸெல்லா பிக்கன்ஸ் நிலையத்தின் விளம்பரம் அச்சடித்த அட்டை விசிறி ஒன்றின் முதுகில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். நூறு வீடு முடிந்து எண்ணிப் பார்த்தால் பதினேழு. தலையில் இடி விழுந்ததுபோல உட்கார்ந்துவிட்டாள். இருபத்தெட்டு வேண்டிய இடத்தில் பதினேழு.

அந்த நூறில் ஒருத்தியை மட்டும் அவளால் விட முடியவில்லை. சைப்ரஸ் தெருவில் டாக்டர் ஆல்டன் வீடு. டாக்டர் செத்து வெகு நாளாகிறது. போனை எடுத்த ஆல்டன் அம்மா பேச்சில் தேன் வடிந்தது.

"நான் திருமதி ஆல்டன்தான் பேசுகிறேன். அரசியலா? ஐயோ, அதெல்லாம் எனக்கு எதற்கு? நான் எப்போதும்போல ஹார்க்ரோவுக்குத்தான் போடுவேன். அது கிடக்கட்டும், உங்கள் குரல் ஏன் சோர்ந்திருக்கிறது? முழங்கால் வலியா?"

முழங்கால் வலிதான்! குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டாளே! ஆமணக்கெண்ணெயைச் சூடு பண்ணி ஃப்ளானல் துணியில் நனைத்துக் கட்டச் சொன்னாள் ஆல்டன் அம்மா. கட்டினால் வலி விட்டது. அதைச் சொல்ல ஓஸெல்லா அடுத்த புதன்கிழமை ஒரு தடவை கூப்பிட்டாள். அப்புறம் புதனுக்குப் புதன் வழக்கமாகிவிட்டது. ஓட்டு மாறியிருக்கிறதா என்று பார்க்கத்தான் கூப்பிடுகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஓட்டு மாறவில்லை. பீச் பழப் பச்சடியிலிருந்து தூக்கம் வராத பிரச்சினை வரை மற்றதெல்லாம் பேசினார்கள். வெள்ளைக்காரியாகவும் இருந்துகொண்டு, ஹார்க்ரோவுக்கும் போட்டுக்கொண்டு, இவள் ஏன் இவ்வளவு நல்லவளாக இருந்து தொலைக்கிறாள் என்று ஓஸெல்லாவுக்கு ஆத்திரமாக வரும்.

தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது லெமுவல் வந்தான். சமையலறை நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, சின்ன வயசில் பரீட்சைத் தாளை நீட்டுவானே, அந்த முகத்தோடு பார்த்தான்.

"அக்கா, நீ கரோல் வேலை பாக்குறன்னு எனக்குத் தெரியும்."

"எவ சொன்னா?"

"உன் டெலிபோன் பில் சொல்லுச்சு. எனக்கு அந்தக் கணிப்புக்காரனுங்க பேச்சு வேணாம். நீ சொல்லு, நம்புறேன். உன் நம்பர் என்ன? நல்லா இல்லைன்னா இப்பவே சொல்லிடு. நான் இந்தப் பத்து நாளும் வீட்லயே கெடந்துடறேன். எல்லார் முன்னாலயும் போய் இளிச்சுட்டு, அப்புறம் நாலு வருஷம் முன்ன மாதிரி... என்னால முடியாதுக்கா."

விசிறி அவள் மடியில் இருந்தது, விளம்பரப் பக்கம் மேலே. பத்து நாள் வீட்டில் கிடக்கிற வேட்பாளருக்கு நம் ஜனமே ஓட்டுப் போடாது என்று அவளுக்குத் தெரியும். பதினேழு என்று சொன்னால் தம்பி இன்றைக்கே தோற்பான். சொல்லாவிட்டால் பத்து நாள் கழித்துத் தோற்பான். ஆண்டவர் மன்னிப்பார் என்று விசிறியைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"முப்பத்தொண்ணு," என்றாள்.

அவன் முகம் மலர்ந்தது பாருங்கள்! எழுந்து அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். "அப்ப கேக் சொல்லிடு!" என்று போனான்.

சொல்லாமல் இருக்க முடியுமா? கேக் கடை டெஸ்ஸியிடம் போனாள்.

"மூணு அடுக்கு. மேல ஒண்ணும் எழுதாத."

டெஸ்ஸி ஏற இறங்கப் பார்த்தாள். "எழுதாத கேக்கா? அது சாவு வீட்டுக்குல்ல போகும்?"

"பிக்கன்ஸ் குடும்பத்துத் தொழிலே சாவு வீடுதான், உனக்கு என்னடி? நீல ஐசிங்கை ஒரு கோன்ல போட்டுத் தனியா குடு. எழுதுறதா இருந்தா நானே எழுதிக்கிறேன்."

தேர்தலுக்கு முந்தின புதன்கிழமை, கடைசி தடவையாகக் கரோல் சைப்ரஸ் தெருவுக்குப் போன் போட்டாள். ஓட்டுப் போடப் போவீர்களா என்று கேட்டாள்.

"எங்கே போவது?" என்றாள் ஆல்டன் அம்மா. "வீட்டில் கார் இல்லை. ஓட்டுச் சாவடியோ நான்கு மைல். உங்கள் நிறுவனம் ஒரு கார் அனுப்பினால் போகலாம்." கிண்டல் மாதிரிதான் இருந்தது. ஆனால் அதில் ஓர் ஆசையும் இருந்தது.

"நானே ஏற்பாடு செய்கிறேன்," என்று சொல்லிவிட்டாள் கரோல்.

போனை வைத்ததும் ஓஸெல்லா தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள். என்ன காரியம் செய்தாய்! தம்பியின் எதிரிக்கு விழப்போகிற ஓட்டை, தம்பியின் காரிலேயே ஏற்றிக்கொண்டு போகவா? கரோலை நினைத்து வாசலைத் திறக்கிறவள் இந்தக் கறுப்பு முகத்தைப் பார்த்தால் என்ன ஆகும்? ஆனாலும் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. முழங்கால் வேறு அவள் வைத்தியத்தில்தான் நடக்கிறது.

தேர்தல் நாள். ஓட்டுக்கு ஆள் ஏற்றுவதென்றால் நம் பக்கத்தில் தேவாலய வேன், பள்ளிக்கூட ஆசிரியர்களின் கார் எல்லாம் இறங்கிவிடும். விடியற்காலையிலிருந்து எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. மிச்சம் இருந்தது பிக்கன்ஸ் நிலையத்தில், சாவுக்கு வந்த சொந்தக்காரர்களை ஏற்றுகிற நீளமான கறுப்புக் கார் ஒன்றுதான். ஓஸெல்லா ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, மத்தியானம் ஒரு மணிக்கு அதைச் சைப்ரஸ் தெருவில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

வாசலைத் திறந்தவள் ஒரு கறுப்பு மாது. அறுபது வயசிருக்கும். அவள் தலையிலும் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி, கையில் பை. காரைப் பார்த்தாள், ஓஸெல்லாவைப் பார்த்தாள்.

"தப்பான வீட்டுக்கு வந்துட்டீங்க தாயி. இங்க யாரும் சாகல."

வேலைக்காரம்மா என்று புரிந்துகொண்டாள் ஓஸெல்லா. அப்பாடா என்றிருந்தது. நம் ஆளிடம் நம் பேச்சிலேயே பேசலாம். "உங்க அம்மாவைக் கூட்டிட்டுப் போக வந்தேன். ஓட்டுப் போட. ஆல்டன் அம்மா உள்ள இருக்காங்களா?"

அந்த மாது எட்டிக் காருக்குள் பார்த்தாள். "உங்க அம்மா எங்க? கரோல் அம்மா வரலியா? உங்களை மட்டும் அனுப்பிட்டாங்களா?"

"கரோல் அம்மாவுக்கு... உடம்பு சரியில்ல."

"முழங்கால்தானே? நான்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, எண்ணெய் கட்டறதை விடாதீங்கன்னு! வெள்ளைக்காரிங்க ரெண்டு நாள் வலி விட்டா வைத்தியத்தை விட்டுடுவாளுங்க."

ஓஸெல்லா குறுக்கே புகுந்தாள். "நீங்க எப்பச் சொன்னீங்க?"

"போன்லதான். புதனுக்குப் புதன் என் உசிரை வாங்குவாளே உங்க அம்மா! நல்லவதான், குறை சொல்லக் கூடாது. பாவம், பேச ஆள் இல்லை போலிருக்கு. ஆனா நாக்குல வெண்ணெயைத் தடவிக்கிட்டுல்ல பேசறா?"

ஓஸெல்லா வாசல் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு முதுகை நிமிர்த்தி, தொண்டையைக் கனைத்து, இஸ்திரி போட்ட குரலை எடுத்தாள். "வணக்கம். நான் கரோல் பேசுகிறேன். பீச் பழப் பச்சடியில் இஞ்சி எவ்வளவு போடச் சொன்னீர்கள், திருமதி ஆல்டன்?"

அந்த மாதின் கைப்பை கீழே விழுந்தது. கண் இரண்டும் தட்டாக விரிந்தது. மெதுவாக, அதே தேன் குரலில், "ஒரு விரல் நீளம், கரோல்," என்றாள்.

அப்புறம் இரண்டு பேரும் சிரித்தார்கள் பாருங்கள், தொப்பி கழன்று விழுகிற சிரிப்பு. ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, கண்ணில் நீர் வழிய, "அடிப்பாவி!" "நீதான்டி பாவி!" என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

அவள் பெயர் ஐடா பெல் க்ரம்ப். முப்பத்தாறு வருஷமாக அந்த வீட்டில் வேலை. டாக்டர் வீட்டுப் போனை எடுத்து எடுத்துப் பழகிய குரல். ஆல்டன் அம்மா காரை எடுத்துக்கொண்டு வெயில் காலத்திலேயே மெம்ஃபிஸில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். வீடு காலி என்று தெரிந்தால் திருடன் வருவான், யார் கூப்பிட்டாலும் நானே பேசுவதுபோலப் பேசு என்று அம்மாவின் உத்தரவு. இன்றைக்குக் கரோல் வந்தால், அம்மாவுக்குத் தலைவலி, என்னை மட்டும் போகச் சொன்னார்கள் என்று புளுகத் தயாராக நின்றாளாம்.

"அது சரி," என்றாள் ஓஸெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு. திடீரென்று கோபம் வந்தது. "ஹார்க்ரோவுக்குப் போடுவேன்னு என்கிட்ட சொன்னியே, அது?"

"பின்ன? வெள்ளைக்காரி போன் பண்ணி யாருக்கு ஓட்டுன்னு கேட்டா, பிக்கன்ஸுக்குன்னு சொல்லச் சொல்றியா? அவங்க கேக்க ஆசைப்படறதைச் சொல்லு, திரைக்குள்ள உன் இஷ்டத்துக்கு இழு. உங்க வீட்ல சொல்லித் தரல?"

சொல்லித் தந்திருக்கிறார்கள். ஓஸெல்லாவின் தாயும் அட்சரம் பிசகாமல் அதையேதான் சொல்லித் தந்தாள். வெள்ளைக்காரக் குரலைக் கேட்டால் நம் ஜனம் என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். அந்தக் குரல் தன் வாயிலிருந்து வருகிறது என்பதைத்தான் மறந்துபோனாள்.

"உன் வீடு ஒண்ணுதானே," என்றாள் மெதுவாக. "மத்த தொண்ணூத்தொம்பது வீடு?"

"எத்தனை மணிக்குக் கூப்பிட்ட?"

"பத்துலேருந்து ரெண்டு. அப்பத்தான் லைன் சூடா இருக்கும். கம்பெனியிலயே பாத்திருக்கேன். சிகாகோ, டெட்ராய்ட்னு..."

ஐடா பெல் அவளை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "அடி மக்கு! அந்த நேரத்துல எந்த வெள்ளைக்காரி வீட்ல இருக்கா? ஒருத்தி முடி சுருட்டப் போவா, ஒருத்தி சீட்டாடப் போவா. சிகாகோல யாருக்குச் சொந்தம் இருக்கு? எனக்கு அங்க மூணு தங்கச்சி. பத்து மணிக்கு மேல டாக்டர் காசுல பேசினது நாங்கடி! எனக்கு எத்தனை தடவை நீயே லைன் போட்டிருப்பியோ!"

ஐடா பெல் தெருவை நோக்கி விரல் நீட்டினாள். அந்த வெள்ளைத் தூண் வீட்டில் போன் எடுப்பது பெர்லீன். பச்சை ஜன்னல் வீட்டில் லூவெல்லா. மூலை வீட்டில் இரட்டையர் இரண்டு பேர், ஒருத்தி எடுத்தால் இன்னொருத்தி பக்கத்தில் நின்று சிரிப்பாள். கரோல் என்று ஒருத்தி எல்லா வீட்டுக்கும் போன் பண்ணி வேவு பார்க்கிறாள், அவரவர் அம்மா குரலிலேயே ஹார்க்ரோவ் பேரைச் சொல்லுங்கள் என்று முதல் வாரமே தெருத்தெருவாகச் சொல்லி வைத்தது ஐடா பெல்தான்.

"அப்ப வெள்ளைக்காரங்க நெஜமா யாருக்குப் போடுவாங்க?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் கேட்டா, எங்க அம்மாகூட பிக்கன்ஸுக்குத்தான்னு சொல்லுவா. எங்க ரெண்டு பேருக்கும் பழக்கதோஷம்."

ஆக, பதினேழும் போயிற்று. முப்பத்தைந்தும் பொய், முப்பத்தொன்றும் பொய், பதினேழும் பொய். வெள்ளைக்காரர் கறுப்பரிடம், கறுப்பர் வெள்ளைக்காரரிடம், அக்கா தம்பியிடம் என்று மாநிலமே ஒருவருக்கொருவர் மரியாதையாகப் புளுகிக்கொண்டிருந்தது. ஒன்றுமே தெரியாது என்று தெரிந்ததில் ஓஸெல்லாவுக்கு எட்டு வாரத்துக்கப்புறம் முதல் தடவையாக மூச்சு ஒழுங்காக வந்தது.

"ஏறுடி," என்றாள். "அந்தப் பெர்லீனையும் கூப்பிடு. எல்லாரையும் கூப்பிடு. ஒம்பது பேரு ஒக்காரலாம்."

பதினோரு பேர் உட்கார்ந்தார்கள். சாவுக் கார் ஒன்று சைப்ரஸ் தெருவில் வீட்டுக்கு வீடு நின்று, உள்ளே சிரிப்புச் சத்தத்தோடு போனதைப் பார்த்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர், யாரோ என்னவோ என்று தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். சாவடி மூடுகிற ஏழு மணிக்குள் ஓஸெல்லா ஆறு நடை அடித்தாள். ஐடா பெல் முன் சீட்டை விட்டு இறங்கவே இல்லை.

சாயங்காலம் தேவாலயக் கூடத்தில் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. மேசை மேல் கேக் வெள்ளை வெளேரென்று நின்றது. லெமுவல் வந்தான். காலையிலிருந்து பதினாலு ஊர் சுற்றி, தொண்டை கட்டி, சட்டையெல்லாம் வியர்வை. எல்லோரும் கை தட்டினார்கள். அவன் நேராகக் கேக்கிடம் போனான். பார்த்தான். ஒரு சுற்றுச் சுற்றி வந்து பின்பக்கமும் பார்த்தான். அப்புறம் அக்காவைப் பார்த்தான்.

"முப்பத்தொண்ணுன்னு சொன்னியே அக்கா."

ஓஸெல்லா கேக் கத்தியை எடுத்து மறுபடி மேசையிலேயே வைத்தாள்.

"முப்பத்தொண்ணுன்னா எழுதியிருப்ப. போன தடவை முதல் நாளே எழுதி வச்சவதானே நீ? நெஜமா என்ன நம்பர்?"

"பதினேழு," என்றாள். "ஆனா அதுவும் நெஜமில்லடா பீவீ. எனக்கு ஒண்ணுமே தெரியாது. நீ வீட்லயே கெடந்துடுவேன்னு சொன்னியே, அதைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. அதான் புளுகிட்டேன்."

"பத்து நாளா," என்றான் மெதுவாக, "மேடை ஏறும்போதெல்லாம் மனசுக்குள்ள முப்பத்தொண்ணு, முப்பத்தொண்ணுன்னு சொல்லிக்கிட்டேதான் ஏறுனேன். அது இல்லன்னா கால் நின்னிருக்காதுக்கா." கோபமா, நன்றியா என்று அவன் முகத்தைப் பார்த்து அவளால் சொல்ல முடியவில்லை. அவனுக்கே தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். நாற்காலியை இழுத்து, கேக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரேடியோ பக்கம் உட்கார்ந்தான். அந்த முதுகைப் பார்க்க அவளுக்குப் பிணம் கழுவும் அறை ஞாபகம் வந்தது.

ஐடா பெல் ஐசிங் கோனை எடுத்து நுனியைக் கத்தரித்தாள். டாக்டர் வீட்டு விருந்துகளுக்கெல்லாம் எழுதிய கை. "என்ன எழுதணும், சொல்லு."

"வச்சிடுடி. எண்ணி முடியட்டும்."

எண்ணிக்கை ஏறியது, இறங்கியது. வெள்ளைக்காரர் நிறைந்த மலைப்பக்கத்து ஊர்கள் வந்தபோது ரேடியோவைத் திட்டினார்கள். டெல்டா வந்தபோது மேசையைத் தட்டினார்கள். தலைநகரம் மட்டும் பாக்கி என்று ரேடியோக்காரன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சுவரில் இருந்த போன் அடித்தது. பக்கத்தில் நின்றவள் ஓஸெல்லா. கை தானாக எடுத்தது, வாய் தானாகத் திறந்தது.

"மாலை வணக்கம். பிக்கன்ஸ் தேர்தல் அலுவலகம்."

"நான் ஹார்க்ரோவ் பேசுகிறேன்," என்றது ஒரு களைத்த குரல். "தலைநகரத்துக் கணக்கு எனக்கு இப்போதுதான் வந்தது. ரேடியோவில் சொல்வதற்குள் திரு பிக்கன்ஸுக்கு நானே வாழ்த்துச் சொல்ல வேண்டும். நீங்கள் யார், அம்மா? அவருடைய செயலாளரா?"

ஓஸெல்லா கண்ணை மூடிக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷம் எந்தக் கேள்விக்கும் உடனே பதில் சொன்ன கரோலிடம் இதற்குப் பதில் இல்லை.

"ஆமா, நல்லாக் கேட்டீங்க போங்க!" என்றாள், சமையலறையில் தம்பியை அதட்டுகிற சொந்தக் குரலில், கூடம் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி. "நான் ஓஸெல்லா. கவர்னரோட அக்கா. இருங்க, கூப்பிடறேன்."

நாற்காலியில் அந்த முதுகு நிமிர்ந்தது. ஓஸெல்லா போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தம்பியைக்கூடக் கூப்பிடாமல், முதலில் ஐடா பெல்லைத்தான் பார்த்தாள்.

"எழுதுடி!" என்றாள்.